பூனாவில் இரண்டு மரணங்கள்: கொள்ளைநோய், சட்டம், மருந்து

1897-ல் பூனாவில் என்ன நடந்தது என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எந்த மாணவரிடமும் கேளுங்கள். "ராண்ட் கொலை, சாபேகர் சகோதரர்கள்" என்று பதில் வரும். ஜூன் 22 இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பிளேக் குழுத் தலைவர் ராண்ட் சுடப்பட்டார். லெப்டினன்ட் அயர்ஸ்ட் அந்த இடத்திலேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3-ல் இறந்தார். பாடநூலில் இது இருக்கிறது. மராத்தியில் இதைப் பற்றித் திரைப்படமே உண்டு.

அதே ஆண்டு, அதே பூனாவின் ஓரத்தில், மூன்றரை மாதம் முன்னால் இன்னொரு மரணம் நிகழ்ந்தது. முந்த்வா கிராமத்து மகர் குடியிருப்பில் பிளேக் கண்ட பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்ற சிறுவனை 66 வயது மூதாட்டி ஒருவர் முதுகில் சுமந்து சென்றார். ஹடப்சர் பக்கம் அவருடைய மகன் டாக்டர் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாம்தான் அவர் போய்ச் சேர்ந்த இடம். நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10-ல் இறந்தார். அவர் சாவித்ரிபாய் பூலே.

ஒரே நோய், ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஒரு மரணம் "அரசின் அடக்குமுறைக்கு எதிரான வீரம்" என்று வரலாறானது. மற்றொன்று நம் இயக்கங்களுக்கு வெளியே நெடுங்காலம் பேசப்படவே இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கொரோனா காலத்திலிருந்து இன்றுவரை நம் இளைஞர்களிடையே ஓடும் ஒரு விவாதத்துக்குத் தெளிவு கிடைக்கும்.

அந்த விவாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பக்கம், "ஊரடங்கு, தடுப்பூசி எல்லாமே மருந்துக் கம்பெனிகளின் சதி" என்கிறார்கள். மறுபக்கம், "அரசு சொன்னதைக் கேட்காத படிக்காத ஜனங்களால்தான் நோய் பரவியது" என்கிறார்கள். இரண்டு பேச்சும் நம்முடையவை அல்ல, தோழர்களே. ஏன் என்பதற்கு 1896-லிருந்து தொடங்க வேண்டும்.

பம்பாயின் பயம்

1896 செப்டம்பரில் பம்பாய் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்து அறிவித்தார். அக்டோபர் 6-ல் மாநகராட்சி ஆணையர் ஸ்னோ கடுமையான உத்தரவு போட்டார். நோய் கண்டவரைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம், வீட்டுக்குள் புகுந்து சோதிக்கலாம், சுத்தம் செய்யலாம். அக்டோபர் 29-ல் சுமார் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள்.

"அறியாமை" என்று இதை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த மருத்துவமனைக்குள் போனவர்களில் பெரும்பாலோர் பிணமாகத்தான் திரும்பினார்கள். நோய்க்கு அன்று மருந்து கிடையாது. ஒண்டுக்குடித்தனத்திலிருந்து கூலிக்காரனைத் தூக்கிப்போனால் வீட்டில் அன்றைய அடுப்பு எரியாது. தூக்கிப்போனவர்கள் அந்த அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சிகிச்சையும் சோறும் தராத கட்டாயத்தைக் கண்டு ஏழைகள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

எட்டு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த நகரத்தைவிட்டுப் பல லட்சம் பேர் ஓடினார்கள். அப்போது ஆணையரைக் கலங்கவைத்த கேள்வி ஒன்று அவருடைய அறிக்கையிலேயே இருக்கிறது. ஹலால்கோர்கள், அதாவது மலம் அள்ளும் வேலை சாதியால் விதிக்கப்பட்ட மக்கள், அவர்களும் போய்விட்டால் என்ன ஆகும்? நகரம் மனிதர் வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று அவர் அஞ்சினார். கட்டாய நடவடிக்கைகளைத் தளர்த்தியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

இதைக் கவனியுங்கள். பத்திரிகைகளில் தலையங்கம் எழுதியவர்களுக்குச் சமமான பலம், எழுதத் தெரியாத துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் இருந்தது. அந்தப் பலத்தை ஆட்சி புரிந்துகொண்டது. வரலாறு எழுதியவர்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

நான்கு பிரிவுகள் கொண்ட சட்டம்

1897 பிப்ரவரி 4-ல் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள். அரசு தேவையென்று கருதும் எந்தச் சிறப்பு நடவடிக்கையையும் எடுக்கலாம். மீறுபவருக்குத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது. "மருத்துவமனை" என்ற சொல்லும் அதில் வருகிறது. ஆனால் நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவரைப் பிரித்துவைக்கும் இடமாக மட்டுமே வருகிறது. குணப்படுத்தும் இடமாக அல்ல. நோயாளிக்கு என்ன உரிமை, அரசுக்கு என்ன கடமை என்று ஒரு வரியும் இல்லை.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ராண்ட் பூனாவுக்கு வந்தார். மார்ச் 13 முதல் மே 19 வரை ராணுவ வீரர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். உடலைச் சோதித்தார்கள், பொருள்களை எரித்தார்கள், தரையைத் தோண்டினார்கள். பெண்கள் அவமதிக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. ராண்டின் முறையை நாம் நியாயப்படுத்தவில்லை. அது காலனி ஆட்சியின் திமிர்.

ஆனால் எதிர்த்த குரல்களையும் கூர்ந்து கேட்க வேண்டும். நம் வீட்டுக்குள், பூசையறைக்குள், அடுக்களைக்குள் அந்நியன் நுழைவதா என்பது ஒரு பெரிய புகார். மருத்துவமனையில் வேறு சாதிக்காரன் தொடுவான், வேறு சாதிக்காரன் சமைத்ததைச் சாப்பிட வேண்டிவரும் என்பது இன்னொரு புகார். பம்பாயில் இதற்குத் தீர்வாக அந்தந்தச் சாதியும் சமூகமும் தனித்தனி மருத்துவமனை நடத்திக்கொள்ள அரசு அனுமதித்தது. வசதியுள்ள சமூகங்கள் நடத்திக்கொண்டன. வசதியில்லாதவர்களுக்குப் பொது முகாம்.

பூசையறைக்குள் நுழைந்த சிப்பாயைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மகர் குடியிருப்பில் நோயில் கிடந்த சிறுவனைத் தேடி யார் போனார்கள் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? அங்கே போனவர் ஒரு சூத்திரப் பெண். சிப்பாய்களின் வீட்டுச் சோதனை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே அவர் இறந்துவிட்டார். ஆட்சிக்காரர்களின் கட்டாயத்தை அவர் நம்பியிருக்கவில்லை. மேல்சாதியாரின் தீட்டுக் கவலையும் அவருக்கு இல்லை. நோயாளியைப் பிரித்து முகாமுக்குத்தான் அவரும் கொண்டுபோனார். ஆனால் தன் முதுகில் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு, 1898-ல், பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை உருவானது. சுகாதாரத்தின் பெயரில் நெருக்கமான குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அகலமான சாலைகள் போடப்பட்டன. வீடு இழந்த ஏழைகள் இன்னும் நெருக்கமான இடங்களுக்குப் போனார்கள். பிளேக் அதோடு நிற்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது கொன்றது.

தடுப்பூசியின் கதை

இனி மருந்துக்கு வருவோம். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சின்ன இடம் ஒன்றில் வால்டமர் ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10-ல் தன் உடம்பில் தானே போட்டுக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் நோய் பரவியபோது கைதிகளுக்குப் போடப்பட்டது. தாமாக முன்வந்தார்கள் என்று பதிவு சொல்கிறது. பூட்டிய கதவுக்குள் இருப்பவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தடுப்பூசி பலன் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1902 அக்டோபர் 30-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் ரணஜன்னியால் இறந்தார்கள். ஹாஃப்கின் இடைநீக்கம் செய்யப்பட்டார். மருந்துப் புட்டியைத் திறந்த இடத்தில், தரையில் விழுந்த கருவியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதே காரணம் என்பது வலுவாக முன்வைக்கப்பட்டது. ரொனால்ட் ராஸ் போன்ற விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினார்கள். 1907-ல்தான் பழி நீங்கியது.

தடுப்பூசியைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் கேலி செய்யக்கூடாது. விசாரித்து, கண்டதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதே சமயம் ஒரு புட்டியில் நடந்த தவறை வைத்து மருந்தையே சதி என்பதும் நம்மைத்தான் கொல்லும். தடுப்பூசி கிடைக்காமல் சாகிறவர்கள் எப்போதும் சேரியில் இருப்பவர்கள்தான்.

இன்னொரு விஷயம் முக்கியமானது. இந்தத் தடுப்பூசி அரசு ஆய்வகத்தில் உருவாகி, அரசு ஆய்வகத்தில் தயாரானது. 1899-ல் அந்த ஆய்வகம் பரேலுக்கு மாறியது. 1925-ல் ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் பெற்றது. காலனி அரசுகூடத் தடுப்பூசியைத் தன் கையில் வைத்திருந்தது.

சுதந்திர இந்தியா 1970-ல் காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது, மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிப்பு முறைக்கு மட்டுமே என்று வைத்தது. அதனால்தான் 2001-ல் சிப்லா, எச்.ஐ.வி. மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முடிந்தது. அதற்குமுன் அதன் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005-ல் அந்தக் கதவு பெருமளவு மூடப்பட்டது.

2008 ஜனவரியில் கசௌலி மத்திய ஆய்வு நிறுவனம், நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் மூன்றின் உற்பத்தி உரிமமும் தரக் குறைபாடு என்று சொல்லி நிறுத்தப்பட்டன. குறைபாட்டைச் சரிசெய்ய முதலீடு செய்திருக்கலாம். 2010-ல் தடை நீக்கப்படுவதற்குள் தனியார் தயாரிப்பை நம்பி நிற்கும் நிலை வந்துவிட்டது. செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் கட்டிய தடுப்பூசி வளாகம் 2021-ல், ஊர் முழுக்க ஊசிக்கு அலைந்த நாள்களில், உற்பத்தியில்லாமல் நின்றது.

2020: அதே சட்டம்

2020 மார்ச்சில் ஒன்றிய அரசு மாநிலங்களைப் பயன்படுத்தச் சொன்னது அதே 1897 சட்டத்தைத்தான். பிறகு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ், நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. புலம்பெயர் தொழிலாளர்கள் நடந்தார்கள். பரேலியில் அவர்களை உட்காரவைத்துக் கிருமிநாசினி அடித்தார்கள். எத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது கணக்கு இல்லை என்றது அரசு. சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாகச் சொல்லி அழைத்துப்போகப்பட்ட தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்தார்கள். 1897 சட்டத்தில் அந்த ஆண்டு ஒரு திருத்தம் வந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்றது. அது தேவைதான். ஆனால் நோயாளியின் உரிமை பற்றிய வரி இன்னமும் வரவில்லை.

மருந்து விஷயத்தில் இரட்டை நாக்கு வெளிப்பட்டது. 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் காப்புரிமை விதிகளைத் தற்காலிகமாக விலக்கக் கோரி உலக வர்த்தக அமைப்பில் மனு கொடுத்தன. நல்ல காரியம். ஆனால் 2021-ல் உச்ச நீதிமன்றம், நம் சொந்தச் சட்டத்திலேயே இருக்கும் கட்டாய உரிம அதிகாரத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டபோது, அதைப் பற்றிப் பேசுவதே பாதகமாகும் என்ற ரீதியில் அதே அரசு பதில் தந்தது. மே 1 முதல் மாநிலங்களுக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைகளுக்கு ஒரு விலை என்று கம்பெனிகள் விற்றன. பொது நிறுவனமான ஐ.சி.எம்.ஆர். சேர்ந்து உருவாக்கிய கோவாக்சினுக்கும் இதே நிலைதான். 18 முதல் 44 வயது வரையிலானவர்களைக் காசு கொடுக்கச் சொன்ன அந்தக் கொள்கை பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று நீதிமன்றமே சொன்ன பிறகுதான் அரசு இறங்கிவந்தது.

அரசிடம் அதிகாரம் குறைவாக இருந்ததில்லை. கூலிக்காரனைத் தெருவில் நிறுத்தும் அதிகாரம் உடனே பாய்ந்தது. கம்பெனியின் காப்புரிமையைத் தொடும் அதிகாரம் உறையைவிட்டு வெளியே வரவில்லை. மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பாயும் இந்த அதிகாரம் நமக்குப் புதியதல்ல. "சமூக இடைவெளி" என்ற சொல்லையே நம் மக்கள் நோய்க்கு முன்பிருந்தே அறிவார்கள்.

எனவே கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்குள் நாம் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் இரு என்று சொல்கிறவர் அந்த வீட்டுக்குச் சோறும் கூலியும் அனுப்புகிறாரா? தனிமைப்படுத்தும் இடத்தில் சிகிச்சை இருக்கிறதா? பொதுப்பணத்தில் உருவான மருந்து பொதுவில் இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வரும்படி சட்டத்தை எழுதச் சொல்லிப் போராட வேண்டும். 1897 சட்டத்துக்குப் பதிலாக, நோயாளியின் உரிமையையும் அரசின் கடமையையும் சொல்லும் பொதுச் சுகாதாரச் சட்டம் வேண்டும். கிண்டியும் குன்னூரும் செங்கல்பட்டும் முழு வேகத்தில் இயங்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. பம்பாயின் ஹலால்கோர்களைக் கண்டு ஆணையர் அஞ்சினார் என்று அறிக்கையில் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் பிளேக்கில் செத்தார்கள், அவர்களுடைய பெயர் என்ன என்று நம்மால் இன்று சொல்ல முடியவில்லை. உங்கள் பகுதியில் 2020, 2021-ல் குப்பை அள்ளிய, பிணம் தூக்கிய, மருத்துவமனை வார்டு கழுவிய எத்தனை பேர் இறந்தார்கள்? நிரந்தரப் பணியா, ஒப்பந்தப் பணியா? அறிவித்த இழப்பீடு குடும்பத்துக்கு வந்ததா? அவர்களுடைய வீடு உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோதான் இருக்கும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டு எழுதுங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு எல்லாம் நினைவிருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

ஜெய் பீம்.