பேருடலும் பெருவெப்பமும்: ஒரு டைனோசர் பாடம் கடந்து வந்த வழி

மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு 1816இல் ஜார்ஜ்டவுனின் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளுக்கு டைனோசரைப் பற்றி யாரும் சொல்லியிருக்க வழியில்லை. லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அந்தப் பெயரை அச்சிலேற்றியதே 1842இல்தான். இன்று பினாங்கில் பாலர்பள்ளிப் பிள்ளைகூட ஐந்தாறு டைனோசர் பெயர்களைத் தடுமாறாமல் சொல்லும். கொம்தாரின் ‘தி டாப்’ மையத்தில் அவற்றுக்கென்றே ஓர் அரங்கு இருக்கிறது. பெயர்களைப் பிள்ளைகள் எங்கிருந்தாவது பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவ்வளவு பெரிய உடல் வெயிலை எப்படித் தாங்கியது? நண்பகலில் பள்ளி விட்டு வியர்த்து வீடு திரும்பும் பிள்ளைக்கு இது இயல்பாக எழும் கேள்வி. அறிவியல் இதற்குத் தந்த விடை பலமுறை மாறியிருக்கிறது. சிறுவர் நூல்கள் பலவும் பழைய விடை ஒன்றிலேயே நின்றுவிட்டன.

டைனோசர்களை வெகுகாலம் பெரிய பல்லிகளாகவே எண்ணினார்கள். பல்லிக்கு வெயில் வேண்டும். ஆகவே அவற்றின் சிக்கல் சூடேறுவதுதான், குளிர்வது அல்ல என்று கொண்டார்கள். இந்த எண்ணத்தை அசைத்தது 1946இல் வெளிவந்த ஒரு முதலை ஆய்வு. எட்வின் கோல்பர்ட், ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகிய மூவரும் ஃப்ளோரிடா வெயிலில் அமெரிக்க முதலைகளை வைத்து உடல்வெப்பத்தை அளந்தார்கள். 50 கிராம் எடையுள்ள குட்டி ஒன்றரை நிமிடத்தில் ஒரு டிகிரி சூடேறியது. சுமார் 13 கிலோ எடையுள்ள முதலைக்கு அதே ஒரு டிகிரிக்கு ஏழரை நிமிடம் பிடித்தது. பெரிய உடல் மெதுவாகச் சூடேறும். ஏறிய சூட்டை மெதுவாகத்தான் விடும். பல டன் எடையுள்ள விலங்குக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், உள்ளே சேர்ந்த சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடு என்பது தெரியும்.

அறுபதுகளின் இறுதியில் ஜான் ஆஸ்ட்ரமும் ராபர்ட் பேக்கரும் டைனோசர்கள் சுறுசுறுப்பானவை, பறவைக்கு நெருங்கியவை என்று வாதிட்டதும் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஓடியாடும் உடல் தானே சூட்டை உண்டாக்குமே! 1976இல் ஜேம்ஸ் ஃபார்லோவும் உடன் ஆய்ந்தவர்களும் ஸ்டெகோசாரஸின் முதுகுத் தகடுகளைப் போன்ற மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். மாறி மாறி அமைந்த அத்தகடுகள் காற்றில் சூட்டை நன்றாக இழந்தன. மாமாக் கடையில் தே தாரிக்கை உயர இழுத்து ஆற்றும்போது நடப்பதும் இதுதான்: காற்றுபடும் பரப்பு கூடினால் சூடு விரைவில் இறங்கும். தகடுகளுக்குள் இரத்தக் குழாய்கள் ஓடிய தடங்கள் இருப்பதை 1986இல் வந்த எலும்பாய்வு காட்டியது.

படம் போட ஏற்ற விடை இது. சிறுவர் நூல்கள் இறுகப் பிடித்துக்கொண்டன. தகடுகள் தம் இனத்தை அடையாளம் காணவும் பகட்டிக் காட்டவும் பயன்பட்டிருக்கலாம் என்ற பிற்கால வாதம் அந்த நூல்களில் அதிகம் ஏறவில்லை. தகடே இல்லாத டைனோசர்கள் என்ன செய்தன என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை.

அதற்கான தடயம் பற்களிலிருந்து கிடைத்தது. ராபர்ட் ஈகிள் குழுவினர் நீள்கழுத்து டைனோசர்களின் பல் எனாமலில் உள்ள ஐசோடோப்புகளை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். உடல்வெப்பம் 36 முதல் 38 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய நம்முடையதே. உடல் எடையை வைத்துப் போட்ட கணிப்பைவிட இது 4 முதல் 7 டிகிரி குறைவு. அப்படியானால் அவை ஏதோ ஒரு வகையில் சூட்டைத் தணித்திருக்க வேண்டும். கவச டைனோசர்களின் வளைந்து நெளிந்த மூக்குப் பாதை மூளைக்குப் போகும் இரத்தத்தைக் குளிர்விக்க உதவியிருக்கும் என்று 2018இல் ஓர் ஆய்வு கணித்தது. மறு ஆண்டு ரூகர் போர்ட்டரும் லாரன்ஸ் விட்மரும் டைனோசர்த் தலைகளின் இரத்தக் குழாய்த் தடங்களை ஒப்பிட்டு, நீள்கழுத்து இனங்கள் மூக்கையும் வாயையும் இதற்குப் பயன்படுத்தின என்றார்கள். கோழி வெயிலில் வாய் பிளந்து இரைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது.

மலேசியப் பிள்ளைகளுக்குச் சொந்தமான சான்றும் உண்டு. பகாங் உட்பகுதியில் 2012இல் மலாயாப் பல்கலைக்கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 23 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பல்லைக் கண்டெடுத்தார்கள். 2014 பிப்ரவரியில் அதை அறிவித்தார்கள். மீன் தின்னும் ஸ்பைனோசாரிட் குடும்பத்துப் பல் அது. இக்குடும்பம் முதலையையும் நீர்யானையையும் போல நாளின் பெரும்பகுதியைத் தண்ணீரில் கழித்தது என்று ரோமேன் அமியோ குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டியிருந்தது. உடல்சூட்டைக் கட்டுக்குள் வைப்பது அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. கடும் வானிலையிலிருந்து விலங்குகள் தம்மைக் காத்துக்கொள்வதைப் பற்றிய பாடத்தில் சேற்றில் புரளும் எருமை வருகிறது. டைனோசரோ அற்றுப்போன விலங்குகளோடு வேறொரு பாடத்தில் தலைகாட்டுகிறது. இரண்டும் சேரவேண்டிய இடம் பகாங் பல். 2003க்குப் பின் சில ஆண்டுகள் அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தி மீண்டும் தமிழுக்குத் திரும்பிய பள்ளிகளில் இந்த இணைப்பைத் தமிழிலேயே செய்ய இன்று தடையில்லை.

பினாங்கின் ஈரக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வியர்வையும் வாய் ஈரமும் இங்கே எளிதில் ஆவியாகா. அதனால் நிழலும் நீரும் தோல்வழி இழக்கும் சூடும் முக்கியமாகின்றன. பினாங்கு மலையில் தென்படும் இருவாட்சியின் பேரலகைக் காட்டியும் இதை விளக்கலாம். தென்னாப்பிரிக்க இருவாட்சி இனமொன்று அலகின் வழியே சூட்டை வெளியேற்றுவது 2016இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

வகுப்பில் இதற்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒரே கெண்டியிலிருந்து வெதுவெதுப்பான நீரை ஒரு பெரிய பானை நிறையவும் ஒரு சிறு கிளாஸ் நிறையவும் ஊற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். கிளாஸ் முதலில் ஆறும். பிறகு, பானையையும் அதே வேகத்தில் ஆற வைக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், விசிறச் சொல்வார்கள், ஈரத்துணி சுற்றச் சொல்வார்கள், தண்ணீர்த் தொட்டியில் இறக்கச் சொல்வார்கள். ஸ்டெகோசாரஸ் படத்தை அதற்குப் பிறகு காட்டலாம்.