பாலை கடந்த பயணத் திட்டம்

வழிப்பயணம் என்றதும் நம் நாட்டு மக்களுக்கு முதலில் நினைவில் எழுவது கட்டுச்சோறு. சோற்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட நம் முன்னோர் தண்ணீரைப் பற்றி மிகுதியாகக் கவலை கொண்டதில்லை. ஊர்தோறும் ஊருணியும் குளமும் இருந்தன. சாலையோரத்தில் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் இருந்தன. குடிக்கும் நீரையும் சுமந்துகொண்டு, அந்நீரைச் சுமக்கும் விலங்குக்குத் தீனியையும் சுமந்துகொண்டு செல்லவேண்டிய நாடு ஒன்று உண்டென்றால், அங்கே செல்பவர் எவ்வாறு திட்டமிட வேண்டும்? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை இன்று காண்போம்.

ஆலங்குளம் வட்டாரத்து மாணவர்கள் வறட்சி இன்னதென்று ஓரளவு அறிவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் குற்றால மலையில் சாரல் பொழிகிறது, அருவிகள் ஆர்ப்பரிக்கின்றன. அதே காற்று மலையைக் கடந்து கிழக்கே ஆலங்குளத்தை அடையும்பொழுது தன் ஈரத்தை மலைக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வருகிறது. புழுதியை எழுப்புகிறதேயன்றி மழையைத் தருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையைக் குளங்களில் தேக்கியே இப்பகுதி மக்கள் வாழ்ந்து வந்திருக்கின்றனர். பழந்தமிழர் பாலை என்று கூறிய நிலமும் இத்தன்மையதே. குறிஞ்சியும் முல்லையும் வேனிலின் வெம்மையால் வளமிழந்து நிற்கும் நிலையைப் பாலை என்றனர். மழை பெய்தால் அது மீண்டும் பசுமை பெறும்.

ஆப்பிரிக்காவின் சகாராவோ நிலையான பாலை. அதன் பரப்பு ஏறக்குறைய 90 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டது. அதன் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அப்பெரும் பாலையை 1352ஆம் ஆண்டில் கடந்து, தம் பயண ஏற்பாடுகளை விரிவாகச் சொல்லிவைத்தவர் இபின் பதூதா. அவர் நமக்கு அயலார் அல்லர். நம் மண்ணை மிதித்தவர்.

மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இபின் பதூதா, 1325இல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தில்லியில் பல ஆண்டுகள் நீதிபதிப் பதவி வகித்தார். பின்னர் மாலைத் தீவுகளிலும் இலங்கையிலும் தங்கி, 1340களின் நடுவில் பாண்டி நாட்டுக் கரையில் கப்பல் சேதமுற்று இறங்கினார். அப்பொழுது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. சுல்தான் கியாசுத்தீன் அவருக்கு மனைவி வழியில் உறவினர். ஆயினும் அச்சுல்தான் இழைத்த கொடுமைகளை அவர் மறைக்காமல் பதிவு செய்தார். மதுரையில் அந்நாளில் பரவிய கொள்ளைநோயையும் குறித்தார். தென்காசியிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கே சென்றால் அடையும் கொல்லம் துறைமுகமும் அவர் நன்கறிந்த ஊரேயாகும்.

கீழ்த்திசை நாடுகளைக் கண்டு ஊர் திரும்பிய பின்னர், சகாராவுக்குத் தெற்கே இருந்த மாலி பேரரசைக் காண விரும்பினார். வடக்கே பாலையின் வாயிலாக விளங்கிய சிசில்மாசா நகரை அடைந்தார். அங்கிருந்து தெற்கே வலாத்தா என்னும் ஊர் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. உடனே புறப்பட்டுவிடவில்லை. ஒட்டகங்களை விலைக்கு வாங்கினார். அவற்றுக்கு நான்கு மாதத் தீனி வாங்கிச் சேர்த்தார். அங்கேயே நான்கு மாதம் தங்கினார். 1352 பிப்ரவரி 18ஆம் நாள் வணிகக் கூட்டத்துடன் புறப்பட்டார். நம் கணக்கில் அது மாசி மாதம். வலாத்தாவை அடைந்தது ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரையில். பின்பனியில் தொடங்கி, முதுவேனிலின் கொடுமை முற்றுமுன் முடியும்படி அமைந்த பயணம் அது.

இருபத்தைந்து நாட்களில் தகாசா என்னும் ஊர் வந்தது. அங்கே மரம் இல்லை. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரை ஒட்டகத் தோல். நிலத்தைத் தோண்டினால் உப்பு பாளம் பாளமாகக் கிடைக்கும். நீரும் கரித்தது. பேரீச்சையும் சிறுதானியமும் வெளியூர்களிலிருந்தே வந்தன. அங்கு உப்பு வெட்டியவர்கள் மசூபா என்னும் பாலைக்குடியினரின் அடிமைகள். ஒரு சுமை உப்பு வலாத்தாவில் எட்டு முதல் பத்துப் பொற்காசு வரை விலைபோயிற்று. மாலியின் தலைநகரில் இருபது முதல் முப்பது வரையும், சிற்சில வேளைகளில் நாற்பது வரையும் உயர்ந்தது. தெற்கே பொன் மிகுதி, உப்பு அரிது. ஆகவே உயிரைப் பணயம் வைத்தும் மக்கள் பாலையைக் கடந்தனர்.

தகாசாவுக்கு அப்பால் பத்து நாள் வழியில் பெரும்பாலும் நீர் கிடைப்பதில்லை. அவ்வாண்டில் நற்பேறாக மழைநீர் பாறைப் பள்ளங்களில் தேங்கியிருந்தது. நீர் கண்ட மகிழ்ச்சியில் பயணிகள் துணிகளையும் துவைத்துக்கொண்டனர். ஆனால் அவ்வழியிலேயே துயரமும் நேர்ந்தது. கூட்டத்தில் இருந்த ஒருவன் தன் உறவினனோடு சச்சரவிட்டுப் பின்தங்கி, வழி தவறிப்போனான். மசூபா ஒருவனைக் கூலிக்கு அமர்த்தித் தேடும்படி அவ்வுறவினனிடம் கூறப்பட்டது, அவன் மறுத்துவிட்டான். மறுநாள் மசூபா ஒருவன் கூலி வாங்காமல் தானே தேடிச் சென்றான். அடிச்சுவடுகள் தென்பட்டன, ஆள் கிடைக்கவில்லை. பின்னர் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் சிறு மரத்தடியில், கையில் சாட்டையுடன் இறந்து கிடக்கக் கண்டனர். அவ்விடத்திலிருந்து நீர் ஒரு கல் தொலைவில்தான் இருந்தது. அதுவரை கூட்டத்துக்கு முன்னே சென்று விலங்குகளை மேயவிட்டு வந்த இபின் பதூதா, அதன்பின் முந்திச் செல்லவுமில்லை, பிந்தி நிற்கவுமில்லை.

அடுத்த தங்குமிடத்தில் மூன்று நாள் இளைப்பாறினர். தோற்பைகளின் கிழிசலைத் தைத்து, நீர் நிரப்பி, காற்று நீரை உலர்த்திவிடாதபடி மேலே சாக்குத் துணி தைத்தனர். அதன்பின் நடந்ததே இப்பயணத் திட்டத்தின் உயிர்நிலை. மசூபாக் குடியைச் சேர்ந்த ஒருவனைத் தூதனாக அமர்த்தி, கடிதங்களுடன் தனியே வலாத்தாவுக்கு முன்னதாக அனுப்பினர். இத்தூதனுக்குத் 'தக்சீப்' என்று பெயர். கடிதம் பெற்ற வலாத்தா மக்கள் நான்கு நாள் வழி எதிர்கொண்டு வந்து நீர் தருவார்கள். அங்கே நண்பர் இல்லாதவர், நற்பெயர் பெற்ற வணிகர் ஒருவருக்கு எழுதினால் போதும். அவர் அறியாதவர்க்கும் உதவுவார். தூதன் வழியில் இறந்துபோனால் வலாத்தாவுக்குச் செய்தி எட்டாது. கூட்டம் முழுவதுமோ பெரும்பகுதியோ மடியும். ஆகவே அவனுக்குக் கொடுத்த கூலி நூறு பொற்காசு. கூட்டத்தின் வழிகாட்டிக்கோ ஒரு கண் இல்லை; மற்றொன்றும் நோயுற்றிருந்தது. ஆயினும் வழியை அவனைப்போல் அறிந்தவர் இல்லை. ஏழாம் நாள் இரவு, நீர் கொண்டு வந்தவர்களின் தீ வெளிச்சம் தொலைவில் தெரிந்தபோது எல்லோரும் அகமகிழ்ந்தனர்.

மாலி நாட்டினுள் புகுந்த பின்னர் உணவோ பொன்னோ சுமக்க வேண்டியதில்லை என்கிறார் இபின் பதூதா. உப்புத் துண்டுகள், கண்ணாடி மணிகள், கிராம்பு முதலிய நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் வேண்டிய உணவு கிடைத்தது. கிராம்பு கீழ்க்கடல் தீவுகளில் விளைந்து இந்தியப் பெருங்கடல் வழியாகச் சென்ற பொருள். அங்கே நாணயமாக வழங்கிய சோழி, அவர் வாழ்ந்திருந்த மாலைத் தீவுகளில் கிடைப்பது. நம் கடல் வணிகத்தின் கை அந்தப் பாலைக்கு அப்பாலும் நீண்டிருந்தது என்பதை இதனால் உணரலாம்.

வரலாற்றைப் படிக்கும் மாணவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதுரைச் சுல்தானின் கொடுமையைக் கண்டித்த அதே மனிதர், உப்பு வெட்டிய அடிமைகளின் துன்பத்தைப் பற்றிக் கண்டனமாக ஒரு சொல்லும் கூறவில்லை. 1353 செப்டம்பரில் அவர் ஊர் திரும்பப் புறப்பட்டதும், அறுநூறு அடிமைப் பெண்களைக் கொண்டுசென்ற கூட்டத்துடன்தான். அப்பெண்களும் அதே மணலில் நடந்தனர். அவர்களுடைய பயணக் கதையை எழுதுவார் இல்லை. இபின் பதூதாவின் அனுபவங்களோ அவர் சொல்லச் சொல்ல இபின் ஜுசை என்பவரால் எழுதப்பெற்று, 1355இல் நூலாயின. நூலைப் போற்றுவோம், அது பேசாமல் விட்டவர்களையும் நினைப்போம்.

இன்று சிசில்மாசா மொராக்கோவில் இடிபாடாகக் கிடக்கிறது. வலாத்தா மௌரித்தானியா நாட்டில் உள்ளது. 1996இல் அந்நாட்டின் வேறு மூன்று பழைய ஊர்களோடு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தகாசா இருந்த வடமாலியில் 2012இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் பயணம் பேராபத்தாயிற்று. எனவே அவ்வழி முழுவதையும் நாம் வரைபடத்தில் நடந்து பார்ப்பதே இப்பொழுது தக்கது. மாணவர்கள் ஒரு மாலைப்பொழுதில் வரைபடத்தை விரித்து, சிசில்மாசாவிலிருந்து வலாத்தா வரை கோடிட்டு, ஒட்டகம் எத்தனை, தோற்பை எத்தனை, எந்த மாதம் புறப்படுவது என்று கணக்கிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் கணக்கிட்ட பின்னரும், முன்னே சென்ற ஒரு தூதனின் சொல்லையும், முகமறியாத ஊரார் கொண்டுவரும் நீரையும் நம்பியே அக்கூட்டம் நடந்தது என்பது புலப்படும். தண்ணீர்ப் பந்தல் வைத்த நம் முன்னோரும், நான்கு நாள் வழி நீர் சுமந்து வந்த வலாத்தா மக்களும் ஒரே அறத்தை அறிந்தவர்கள்.