ஏழு அங்குலம் குறைந்த தண்டவாளம்

பிரிட்டனில் மாதிரி ரயில் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் தப்பான அகலத்தில்தான் ஓட்டுகிறார்கள். அதுவும் தெரிந்தே!

1922இல் ஜெர்மனியின் பிங் நிறுவனம் செய்த சின்னஞ்சிறு ரயிலை நார்தாம்ப்டனின் பாசெட்-லோக் நிறுவனம் பிரிட்டனில் விற்றது. அது சாப்பாட்டு மேசையிலேயே ஓடியது. பிறகு 16.5 மி.மீ. அகலத் தண்டவாளம் நிலைத்தது. ஐரோப்பாவில் நிஜ வண்டியின் ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்று சுருக்கினார்கள், கணக்கு அச்சாகப் பொருந்தியது.

பிரிட்டிஷ் எஞ்சின்களோ நிஜத்திலேயே ஒடுங்கியவை. பழைய பாலங்களும் சுரங்கங்களும் அவ்வளவுதான் இடம் விட்டன. 3.5 அளவில் செய்தால் அக்கால மோட்டார் உள்ளே அடங்காது. ஆகவே வண்டியை மட்டும் அடிக்கு 4 மி.மீ. ஆக்கி, தண்டவாளத்தைத் தொடாமல் விட்டார்கள். 1938இல் வந்த ஹார்ன்பி டப்லோ மாதிரி ரயில் இந்தச் சமரசத்தைப் பரப்பியது.

4 மி.மீ. அளவுக்குத் தண்டவாளம் இருக்கவேண்டிய அகலம் 18.83 மி.மீ. நிஜக் கணக்கில் ஏழு அங்குலம் குறைகிறது.

பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேர் எதிரே நின்றால் பருத்த வண்டி ஒடுங்கிய காலில் நிற்கும். பொறுக்காதவர்கள் முதலில் 18 மி.மீ.க்குப் போனார்கள். 1960களில் புரோட்டோஃபோர் குழு 18.83ஐயே பிடித்தது. விலை பெரிது: சக்கர விளிம்பு மெலிந்ததால் சிறு மேடுபள்ளத்திலும் வண்டி தடம்புரண்டது, அச்சுகளுக்கு அசைவு கொடுக்க வேண்டியிருந்தது, தண்டவாளத்தையும் கையாலேயே பற்றவைத்தார்கள்.

பிடிவாதம் பாராட்டத்தக்கது. ஆனால் கடைகளில் இன்றும் விற்பது 16.5தான்.