ஒரு முனை, இரண்டு அம்புக்குறிகள்

ஒரே கணக்கை எதுக்கு ரெண்டு தடவை போடணும்? நிரல்மொழி வரலாற்றில் ஒரு பெரிய கிளையே இந்தக் கேள்வியிலிருந்து முளைத்தது.

வர்க்கம்(அ) = அ × அ என்று ஒரு ஃபங்ஷன். வர்க்கம்(3+4) என்று கூப்பிடுகிறோம். ஜாவா, சி போன்ற மொழிகள் முதலில் கூட்டி, 7-ஐ உள்ளே அனுப்பும். அந்த மதிப்பு உள்ளே தேவையே படாவிட்டாலும் கூட்டித்தான் ஆகணும். கூட்டாமல் அப்படியே அனுப்பினால் (3+4) × (3+4) என்றாகிவிடும். ஒரே கூட்டல், இரண்டு முறை.

ஆக்ஸ்ஃபோர்டில் 1971-ல் கிறிஸ்டோஃபர் வாட்ஸ்வொர்த் தன் முனைவர் பட்ட ஆய்வில் வேறு வழி காட்டினார். நிரலை ஒரு கிராஃபாக வரைந்துவிடு. 3+4 ஒரே முனை. பெருக்கலிலிருந்து இரண்டு அம்புக்குறிகள் அதைக் காட்டும். முதல் அம்பு வழியாகக் கேட்டதும் அந்த முனை 7 என்று மாற்றி எழுதப்படும். இரண்டாவது அம்பு வரும்போது விடை ரெடி. யாருமே கேட்கலைன்னா கூட்டலே நடக்காது. நிரலை ஓட்டுவது என்பது விதிப்படி கிராஃபை மாற்றி எழுதுவது, அவ்வளவுதான்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டேவிட் டர்னர். தன்னுடைய சாஸ்ல் மொழியை இந்த முறையில் ஓட்ட முடியும் என்று 1979-ல் காட்டினார்.

அடுத்து 1987, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். ஒரே மாநாட்டில் இரண்டு விஷயங்கள். நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகக் குழு, கிராஃப் மாற்றியெழுதலையே அடித்தளமாகக் கொண்ட க்ளீன் மொழியை முன்வைத்தது. அங்கே கூடிப் பேசிய வேறு சிலரின் முடிவிலிருந்து ஹாஸ்கெல் பிறந்தது.

ரெண்டுக்கும் உள்ளே கிராஃப்தான். ஆனா க்ளீன் அதை நிரலர் கண்ணில் படும்படி வைத்தது. ஒரு பொருளை நோக்கி ஒரே ஒரு அம்புதான் இருக்கிறது என்று டைப்பிலேயே சொல்லலாம். அப்படியானால் அந்த அர்ரேயை நகலெடுக்காமல் அதே இடத்தில் மாற்றலாம், யாருக்கும் பாதிப்பில்லை. ஹாஸ்கெல் அம்புகளை மறைத்தது. எழுத அழகாக இருக்கும். ஆனால் கணக்கிடப்படாத முனைகள் சத்தமில்லாமல் குவிந்து மெமரியைத் தின்னும்போது, எந்த வரியால் வந்தது என்று நிரலைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஹாஸ்கெல்தான் பரவலானது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் க்ளீன் செய்ததே சரி என்பது என் கட்சி. நகலெடுக்கும் செலவு நிரலர் தலையில் விழும் என்றால், அம்புகளை எண்ணும் வசதியும் அவர் கையில் இருக்க வேண்டும்.