கரிமச் சேர்மப் பெயர்களில் விகுதி

கரிமச் சேர்மங்களின் பெயர்கள் தொடக்கத்தில் பிறப்பிடம் பற்றியனவாகவே அமைந்தன. இலத்தீனில் எறும்பைக் குறிக்கும் பார்மிக்கா என்னும் சொல்லினின்று பார்மிக் அமிலமும், காடியைக் குறிக்கும் அசெட்டம் என்பதினின்று அசெட்டிக் அமிலமும் பெயர் பெற்றன. செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெண்ணெய்க் கொழுப்பிற் கண்ட கப்ரோயிக், கப்ரிக் அமிலங்களோ ஆட்டின் பெயரைத் தாங்கின. இவை காரணப்பெயர்களே, எனினும் இக்காரணம் பொருளின் அமைப்பை உணர்த்துவதன்று.

அமைப்பைச் சுட்ட முயன்ற பெயர்களுள் ஆல்டிஹைடு என்பது குறிக்கத்தக்கது. ‘ஹைட்ரஜன் நீக்கப்பெற்ற ஆல்கஹால்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரை லீபிக் 1835-இல் இவ்வாறு சுருக்கினார். நம் இலக்கண நூலார் இதனை மரூஉ என்றே கொள்வர். பின்னர் 1866-இல் ஹாப்மன், ஹைட்ரோகார்பன்களை அ, எ, இ முதலிய உயிரெழுத்து வரிசையால் வேறுபடுத்த எண்ணினார். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என நாம் இன்று வழங்குவன அம்முறையின் வழிவந்தனவே.

பெயரைப் பகுதி, விகுதி எனப் பிரித்துணரும் முறை 1892-இல் ஜெனீவாவில் பிரீடல் தலைமையிற் கூடிய மாநாட்டில் உறுதிப்பட்டது. நீண்ட கரிச் சங்கிலி பகுதியாயிற்று. வினைச்செயல் தொகுதி விகுதியாயிற்று. ஹைட்ராக்சில் தொகுதிக்கு ‘ஓல்’, ஆல்டிஹைடுக்கு ‘அல்’, கீட்டோனுக்கு ‘ஓன்’, அமிலத்துக்கு ‘ஓயிக்’ என்பன வகுக்கப்பட்டன. ஆகவே, புரப்பனோன் என்ற அளவிலேயே மூன்று கரியணுக்களும் ஒரு கீட்டோன் தொகுதியும் விளங்குகின்றன. எறும்பும் ஆடும் இங்கு வேண்டப்படா.

இம்முறை தமிழெழுத்தில் வருங்கால் நேரும் இடர்ப்பாடு நம் கருத்திற்குரியது. ‘ஓல்’ என்பதனை ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி ‘ஆல்’ என்றெழுதி எத்தனால் என வழங்குகின்றோம். அதன் ஆல்டிஹைடினை எத்தனல் என்பாரும் எத்தனேல் என்பாரும் உளர். முன்னையது 78 பாகை செல்சியசில் கொதிப்பது. பின்னையது ஏறத்தாழ 20 பாகையிலேயே ஆவியாவது. இவ்விரண்டனையும் வேறுபடுத்துவது ஒரு காலோ ஓர் ஏகாரக் குறியோதான். அச்சுக்கோப்பார் கை சற்றே தவறின் பொருளே மாறிவிடும். மேலும், ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை உருபாதலின், வேதியியல் அறியாத தமிழ் மாணவர் ‘எத்தனால்’ என்பதை ஏமாற்றுபவன் ஒருவனால் நிகழ்ந்ததாகக் கொள்ளவும் கூடும்!

ஈழத்துத் தமிழ் நூல்கள் எதனோல் என ஓகாரத்தைக் காத்தே எழுதுகின்றன. ஆங்கில ஒலிப்பினும் ஜெனீவா விகுதியின் உயிருக்கே முதன்மை தருவதால், அவ்வடிவமே தக்கதென நாம் கருதுகின்றோம்.