காட்சிக்கு எட்டாத நம்பிக்கை: அளவையியல் நோக்கில் ஒரு மதிப்பீடு

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதியரிடம் துறவி வேடத்தில் சென்று அவரவர் கொள்கையை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள் மணிமேகலை. கடைசியில் பேசும் பூதவாதி கண்கூடாகத் தெரிவதை மட்டுமே ஏற்பவன். மறுமை என்பது பொய் என்கிறான். முற்பிறப்பை அறிந்தோர் உண்டு என்றால், அது தெய்வ மயக்கம் அல்லது கனவு என்று தள்ளிவிடுகிறான். அப்போது அவள் கேட்கிறாள்: உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்?

சமய நம்பிக்கைக்குப் புலன்வழிச் சான்று வேண்டுமா என்ற விவாதத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வி அரிது. தான் பிறந்ததைக் கண்டு நினைவில் வைத்திருப்பவர் எவரும் இல்லை. ஆயினும் பெற்றோரை இன்னார் என்று கொள்வது மூடத்தனம் ஆகாது. ஆகவே, காணாததை நம்புவது எல்லாமே தவறு என்ற வாதம் நிற்காது. ஆனால் பிரசவம் பார்த்த மருத்துவச்சியைக் கேட்கலாம், அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம், இன்று மரபணுச் சோதனையும் உண்டு. முற்பிறப்பு நினைவுக்கோ அதைப் பெற்றவரின் சொல்லே சான்று. பூதவாதியின் அளவுகோல் குறுகியது என்று காட்டியதாலேயே மறுபிறப்பு மெய்யாகிவிடாது.

சைவ சித்தாந்தம் இந்த இடைவெளியை உணர்ந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், பத்து என்று எண்ணப்பட்ட அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றில் அடக்குகிறார். முதல் இரண்டும் எட்டாத இடத்தில் உரை, அதாவது இறைவன் அருளிய நூல், துணை நிற்கும். இறைவன் அருளியதால் நூல் பிழையற்றது, நூல் சொல்வதால் இறைவன் உண்டு என்று மட்டும் வாதிட்டால் அது செக்குமாடாகச் சுற்றும். அருணந்தியின் ஆசிரியரான மெய்கண்டார் அப்படிச் சுற்றவில்லை. அவருடைய சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கொண்டு அதற்கொரு முதல் உண்டு என்று கருதலால் நிறுவ முயல்கிறது. அந்தக் கருதல் முழுமையாக வெல்கிறது என்று சொல்வதற்கில்லை: குயவன் குடம் வனைவதை எல்லாரும் கண்டிருக்கிறார்கள், உலகம் வனையப்படுவதைக் கண்டவர் இல்லை. ஆனாலும் நம்புவதற்குக் காரணம் காட்டும் கடமையை ஒரு பக்திச் சமயம் தானே தலைமேல் ஏற்றுக்கொண்டது பெரிய செய்தி.

1877இல் இங்கிலாந்துக் கணிதவியலர் வில்லியம் கிளிஃபோர்டு இதை அறக்கடமையாகவே ஆக்கினார். அவர் சொல்லும் கதையில், பழங்கப்பல் ஒன்றின் சொந்தக்காரர் தம் ஐயங்களை அடக்கிக்கொண்டு, ஆண்டவன் காப்பான் என்று குடிபெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார், கப்பல் மூழ்குகிறது. பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபோர்டு. நம்பியது பலித்ததா என்று பார்க்கக் கூடாது, அப்படி நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்றே பார்க்க வேண்டும். 1896இல் வில்லியம் ஜேம்ஸ் மறுத்தார்: வாழ்வையே தீர்மானிக்கும், தட்டிக்கழிக்க முடியாத ஒன்றை அறிவால் முடிவுசெய்ய இயலாதபோது, சான்றுக்காகக் காத்திருப்பதும் ஒரு முடிவே, அங்கே மனம் சாயும் பக்கம் சாயலாம்.

ஜேம்ஸ் தரும் இந்தச் சலுகை கப்பல்காரருக்குச் செல்லாது. கப்பலின் பலகையைத் தட்டிப் பார்க்க முடியும். இதே எல்லையைச் சங்கரரும் கீதை உரையில் வகுத்திருக்கிறார்: நெருப்பு குளிர்ந்தது என்று நூறு வேதவாக்கியங்கள் சொன்னாலும் அது பிரமாணம் ஆகாது. பிரம்மத்தை அறிய வேதமே பிரமாணம் என்று நின்றவர் சொன்னதால் இதற்குத் தனி எடை உண்டு.

இறைவன் உண்டு, உயிர் அழியாது என்பவை காட்சி எட்டாத கூற்றுகள். அவற்றைக் கொண்டு வாழ்பவரை அறிவற்றவர் என்பதற்கு இடமில்லை. எனினும், பிறரும் ஏற்றே தீர வேண்டிய அறிவு என்று அவற்றை அவர் வற்புறுத்தவும் முடியாது. வஞ்சியில் பேசிய வாதியர் ஒவ்வொருவருக்கும் தத்தம் கொள்கை அதே அளவு உறுதியாகத்தான் இருந்தது. பாம்பு கடித்தவர் மந்திரித்தால் பிழைப்பார் என்பது அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது உடலைப் பற்றிய கூற்று. பார்த்துச் சரிபார்க்கக் கூடியது. விஷமுறிவு மருந்து கிடைக்கும் மருத்துவமனையைத் தாண்டி ஒருவரை மந்திரவாதியிடம் தூக்கிச் செல்பவர், கிளிஃபோர்டின் கப்பல்காரர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்.