அடுப்பும் புகைபோக்கியும்

அரசர்களின் வரலாற்றை எழுதியோர் மடைப்பள்ளியை எட்டிப் பார்ப்பது அரிது. பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதியோரும் அவ்வாறே. எத்தனை ஏக்கர் காடு வெட்டித் திறக்கப்பட்டது, எத்தனை இறாத்தல் தேயிலை கப்பலேறியது என்பவற்றுக்குக் கணக்கேடுகள் குவிந்து கிடக்கின்றன. அத்தேயிலையைக் கிள்ளிய கை விடியுமுன் எந்த அடுப்பை மூட்டிற்று, அந்த அடுப்பின் புகை எவ்வழியே வெளியேறிற்று என்று கேட்டால் ஏடுகள் மௌனம் சாதிக்கின்றன. அந்த மௌனத்தைச் சற்றே கலைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

ஊவா மாகாணத்தில், பண்டாரவளை, எல்ல, அப்புத்தளைப் பக்கங்களில் பழைய துரைமார் பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக மாறியுள்ளன. மாலையானதும் புல்தரையில் இரும்புக் கம்பி வலை பொருத்திய கரியடுப்பு ஒன்று மூட்டப்படுகிறது. வலையின் மேல் இறைச்சி வாடுகிறது. வசதி படைத்தோர் தம் வீட்டுக் கொல்லைக்கும் இத்தகைய அடுப்பொன்றை வாங்க விரும்புகின்றனர். கரியடுப்பா, எரிவாயு அடுப்பா? மூடியுள்ளதா, மூடியற்றதா? அன்றாடச் சமையலுக்கும் உதவி, எப்போதாவது இறைச்சியைப் புகையில் பதப்படுத்தவும் உதவுவது எது? இவை நியாயமான கேள்விகளே. ஆனால் அதே பங்களாவுக்குக் கீழே, சரிவில் தெரியும் லயத்தின் வாசலில் நின்று இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு, எப்போது இருந்தது?

முதலில் சொல்லின் கதையைக் காண்போம். கொல்லையடுப்பை ஆங்கிலேயர் ‘பார்பிகியூ’ என்பர். கரிபியன் தீவுகளின் பூர்வ குடிகளான தாயினோ மக்கள் கம்புகளால் கட்டிய பரணுக்கு வழங்கிய பெயரிலிருந்து, ஸ்பானியர் வாய்வழியாக இச்சொல் பிறந்தது. அப்பரணின் மேல் மீனையும் இறைச்சியையும் பரப்பி, கீழே நெருப்பிட்டு அவர்கள் வாட்டினர். வெள்ளையர் வந்தனர், அம்மக்களை அழித்தனர், ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து கரும்பும் காப்பியும் பயிரிட்டனர். பரண் அழிந்தது, சொல் எஞ்சியது. ஜமைக்காவின் காப்பித் தோட்டங்களில் அது கொட்டை உலர்த்தும் தளத்துக்குப் பெயராயிற்று.

ஜமைக்காவில் பயிற்சி பெற்ற ரொபர்ட் பொய்ட் டைட்லர் என்பார் 1837 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து, மேற்கிந்தியக் காப்பிச் செய்கை முறையை இங்கே புகுத்தினார். முறையோடு சொல்லும் வந்தது. மலைநாட்டுக்குள் ‘பார்பிகியூ’ முதன்முதல் நுழைந்தது விருந்துக்கன்று, வேலைக்கே. அக்களத்தில் வெயிலிலே நின்று காப்பிக் கொட்டையைக் கிளறியவர்கள், மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்துவந்த தமிழ்க் கூலி மக்கள். வாடியது கொட்டை மட்டுமல்ல.

இன்னொரு பரணையும் நாம் மறத்தலாகாது. மகியங்கனைக்கு அருகே, இதே பதுளை மாவட்டத்துத் தம்பானையில் வாழும் வேடர்கள், வேட்டையில் கிடைத்த இறைச்சியைக் கீற்றுகளாக்கிப் பரணிலிட்டுப் புகையூட்டி உலர்த்தும் வழக்கமுடையோராக இருந்தனர். கடல்கள் பல இடையே கிடந்தும், தாயினோ மக்களும் வேடரும் ஒரே முடிவுக்கு வந்தனர். உப்பும் வெப்பமும் ஈரத்தை வாங்கும். புகையிலுள்ள பொருள்கள் கிருமிகளைத் தடுத்துக் கொழுப்புக் கெடாமல் காக்கும். இதை எந்தத் துரையும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

காப்பியின் வாழ்வு நீடிக்கவில்லை. 1869 இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேதான் காப்பி இலையில் அந்தத் துருநோய் முதலில் கண்டறியப்பட்டது. இருபதாண்டுகளுக்குள் காப்பிப் பெருந்தோட்டங்கள் சரிந்தன. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் தோட்டங்களை வாங்கத் தொடங்கியதும், 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டியதும், ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையில் பேர்பெற்றதும் பலரும் அறிந்த செய்திகள். பலர் கவனியாத செய்தியொன்று உண்டு. தேயிலையும் தொடக்கத்தில் ஒரு விறாந்தை அடுப்பிலேதான் வெந்தது.

கண்டிக்கு அப்பால் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலையிட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டுவித்தார். மண்ணடுப்பில் கரி நெருப்பிட்டு, அதன் மேல் கம்பி வலைத் தட்டில் இலையைப் பரப்பிக் காயவைத்தார். இன்று விடுதியின் புல்தரையில் நிற்கும் அடுப்புக்கும் அதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடில்லை.

ஆயின் தேயிலைக்கு ஓர் இயல்பு உண்டு. அண்டையிலுள்ள எந்த மணத்தையும் அது ஈர்த்துக்கொள்ளும். புகை பட்டால் சரக்குக் கெடும். சரக்குக் கெட்டால் இலண்டன் ஏலத்தில் விலை விழும். எனவே மூலதனம் விழித்துக்கொண்டது. 1870 களில் சாமுவேல் டேவிட்சன் ‘சிரொக்கோ’ எனும் உலர்த்தும் பொறியை உருவாக்கினார். பின்னர் பெருகிய பொறிகளில் விறகின் புகை குழாய்வழியே ஓடி, உயர்ந்த புகைபோக்கியால் வானத்துக்குப் போயிற்று. தூய வெப்பக் காற்று மட்டுமே இலையைத் தொட்டது. பசறையிலும் தெமோதரையிலும் நமுனுகுலை அடிவாரத்திலும் ‘ஸ்டோர்’ என்று மக்கள் அழைக்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைபோக்கி.

புகை தீங்கானது என்பதைத் தோட்ட நிருவாகம் அறியாதிருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. நன்றாக அறிந்திருந்தது. கொழுந்துக்குத் தீங்கானது என்று அறிந்தவர்கள், கொழுந்து பறிப்பவளுக்கும் அது தீங்காகலாம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஸ்டோரிலிருந்து லயத்துக்கு இறங்கி வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. முதுகோடு முதுகாகக் கட்டிய லயங்களில் பின்வாசலும் கிடையாது. காற்று குறுக்கே ஓட வழியும் கிடையாது. சமையலுக்கென்று தனியிடம் ஒதுக்கப்படாத இடங்களில் காம்பராவின் மூலையிலோ, சாக்கோ தகரமோ கொண்டு மறைத்த இஸ்தோப்பின் மூலையிலோ மூன்று கற்கள் வைக்கப்பட்டன. அல்லது களிமண்ணால் அடுப்புப் பிடிக்கப்பட்டது. புகைக்குக் கதவே வழி; மலைக் குளிரில் கதவை அடைத்தால் அந்த வழியுமில்லை. துரையின் பங்களாவிலோ குசினி தனிக்கட்டடமாக நின்றது; அதற்குப் புகைபோக்கியும் உண்டு.

பிரட்டுக்கு நேரத்தோடு நிற்க வேண்டிய பெண், இருள் பிரியுமுன் எழுந்து இந்த அடுப்பை மூட்டினாள். 1942 இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்துக் குன்றியபோது கோதுமை மா பங்கீட்டில் புகுந்தது. ரொட்டி நாளாந்த உணவாயிற்று. சோறு தானே வேகும். ரொட்டிக்கோ அடுப்பின் முன்னே குந்தியிருந்து ஒவ்வொன்றாய்ப் புரட்ட வேண்டும். உணவு மாறியபோது புகையைச் சுவாசிக்கும் நேரமும் நீண்டது.

விறகு எங்கிருந்து வந்தது? கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு வந்தது. மிலாறு நன்றாய்க் காய்ந்தால் சுறுசுறுவென்று எரியும். ஈரமாயின் கண்ணைக் கரிக்கும். ஆனால் கவ்வாத்து ஒரு மலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும். வெட்டிய கிளைகளை மண்ணிலேயே விட்டால் மண் வளம் பெறும் என்று பயிர் அறிவியல் கூறுகிறது. அடுப்போ அவற்றைக் கேட்கிறது. நிழல் மரத்தில் கைவைத்தால் குற்றம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், விறகு சுமக்கும் நாளாக மாறிற்று.

அந்தப் புகையையும் நம் மக்கள் வீணாக்கவில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியிலும் பரணிலும் விதைச் சோளக் கதிர் தொங்கிற்று. மழைக்காலத்தில் விறகு காய்ந்தது. தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ இறைச்சி மிஞ்சினால், உப்பும் மஞ்சளும் தடவிக் கோத்து அங்கே தொங்கவிட்டனர். தணலில் கருவாடு சுட்டனர். அன்றாடச் சமையலும் அவ்வப்போது புகையூட்டலும் ஒரே அடுப்பில் நடந்தன. இதனைச் சிலர் சிக்கனமான கலை என்று போற்றுவர். கலைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்பரணின் கீழே கைக்குழந்தை உறங்கிற்று என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? இறைச்சிக்குப் படிந்த அதே கரி, தாயின் மார்புக்குள்ளும் சேயின் மார்புக்குள்ளும் படிந்தது.

சட்டம் என்ன செய்தது? 1912 இல் தோட்ட மருத்துவம் பற்றியும் தொழிலாளர் நோய்கள் பற்றியும் சட்டங்கள் பிறந்தன. கொக்கிப்புழுவையும் கொள்ளைநோயையும் எதிர்த்து நடவடிக்கைகள் வந்தன. தொற்றுநோய் ஒரே வாரத்தில் பிரட்டை வெறுமையாக்கும். ஆதலால் அது அதிகாரத்தின் கண்ணில் பட்டது. புகையின் நோய் மெல்ல வரும். இருமிக்கொண்டே கூடை நிறைக்கலாம். அத்தகைய நோய்க்கு எக்காலத்திலும் அவசரமில்லை.

சுவரில் ஓர் ஓட்டையிட்டுப் புகைபோக்கி வைத்திருக்கலாமே என்பர் சிலர். யாருடைய சுவர்? லயம் தோட்டத்தின் சொத்து. வேலை போனால் காம்பராவும் போகும். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் நாட்டையே இவர்களுக்கு அந்நியமாக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் 1974 இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறியவர்கள் பானையைக் கொண்டு போயினர். அடுப்பைக் கொண்டு போக முடியவில்லை. நாளை இங்கிருப்போமா என்று அறியாத குடும்பம் எந்தச் சுவரைத் திருத்தும்? 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. 2003 இல் நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டம் வழியாக முடிவு காணப்பட்டது. பலகைகளில் பெயர்கள் மாறின. பல லயங்களில் அடுப்பு மாறவில்லை.

மாற்றமே வரவில்லை என்று கூறுவது நேர்மையன்று. 1980 களில் இலங்கையில் உருவான ‘அனகி’ எனும் சுட்ட களிமண் அடுப்பு இரண்டு பானைகளை ஒரே தீயில் ஏற்றி, விறகைக் குறைத்தது. உள்ளூர்க் குயவர் கையில் பிறந்த நல்ல அடுப்பு அது. ஆனால் புகைபோக்கி இல்லாத அறையில் அதுவும் புகையைக் குறைக்குமேயன்றி நீக்காது. எரிவாயு வந்தது, 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வெற்றுச் சிலிண்டரோடு நகரத்து மக்கள் வரிசையில் காத்துக் கிடந்ததும், கொல்லையில் மீண்டும் கல் கூட்டியதும் நாம் கண்டவை. விறகுப் புகையின் கொடுமையை நகரம் சில மாதங்கள் அறிந்தது. லயம் நூற்றைம்பது ஆண்டுகளாக அறிந்திருந்தது. 2020 ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகை மாசினால் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இனித் தொடக்கக் கேள்விக்கு வருவோம். எந்த அடுப்பு நல்லது? வரலாறு தரும் விடை தெளிவானது. அன்றாடச் சமையல் வேண்டுவது காய்ந்த விறகு, தெளிந்த சுவாலை, விரைவு. புகை அதற்குப் பகை. புகையூட்டல் வேண்டுவது மந்தமான நெருப்பு, மூடிய கூடு, நீண்ட நேரம். புகையே அதற்கு உயிர். எதிரெதிரான இவ்விரு வேலைகளையும் ஒரே கூரையின் கீழ் ஓர் அடுப்பிடம் ஒப்படைத்தால், வீடே புகைக் கூடாகும். ஆகவே சமையலடுப்பு புகைபோக்கியோடு உள்ளே இருக்கட்டும். புகையூட்டும் அடுப்பு வெட்டவெளிக்குப் போகட்டும். அதற்கு விலையுயர்ந்த இரும்புப் பெட்டி தேவையில்லை. நச்சுப் பொருள் அடைக்கப்படாத தகரப் பீப்பாயும் கம்பி வலையும் மூடியும் போதும். கொய்யா, மா போன்ற விறகு நன்று. ஊவாக் குன்றுகளில் நடப்பட்ட பைனஸ் பிசின் மரம், ஆதலால் ஆகாது. புகையூட்டிய இறைச்சியும் எப்போதாவது உண்ணத்தக்கதே; நாள்தோறும் உண்டால் புற்றுநோய்க்கு இடமுண்டு. குளிரென்று கரியடுப்பை அறைக்குள் கொண்டுவருதல் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று எஞ்சுகிறது. வெட்டவெளிக்குப் போகட்டும் என்றோமே, அந்த வெளி யாருடையது? தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது; சில இடங்களில் வீடுகள் எழுந்தும் உள்ளன. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. காம்பரா 120 சதுர அடி. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலேதான் ஊவாவின் அடுப்புப் பிரச்சினை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. கொல்லை இருப்பவனுக்கே கொல்லையடுப்பு. சுவர் சொந்தமானவளுக்கே புகைபோக்கி.

கொழுந்தைப் புகையிலிருந்து காக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பொறி கண்டது இத்தொழில். கொழுந்து பறிக்கும் பெண்ணைக் காக்கப் புதிய பொறி எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சுவரில் ஒரு வழியும், அந்தச் சுவருக்கு ஓர் உறுதிப்பத்திரமும் போதும்.